குழுவில் போட்டால் சொன்னதாகுமா?

கேள்வி: நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. என்னோடு ஏழு ஆசிரியர்கள். எங்கள் வளாகத்திலேயே அங்கன்வாடியும் இருக்கிறது, எல்.கே.ஜி., யு.கே.ஜி. அங்கேதான் நடக்கிறது. பயிற்சி, முகாம் என்று எந்த அறிவிப்பு வந்தாலும் உடனே பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன். அப்படியும் "எங்களுக்குத் தெரியாதே டீச்சர்" என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவ முகாம் நடந்தது. அங்கன்வாடியில் நான்கரை வயதுப் பையன் ஒருவன் இன்னும் பேசவில்லை. அந்த டீச்சர் எங்கள் குழுவில் இல்லாததால் முகாம் நடந்தது அவருக்குத் தெரியாது. பையனைப் பற்றி எனக்கும் பிறகுதான் தெரிந்தது. "இத்தனை டீச்சர் இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூடத் தெரியலையா?" என்று அவன் அம்மா கேட்டது மனதை அறுக்கிறது. இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத தலைமையாசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

குழுவைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பையன்.

முகாம் முடிந்துவிட்டது என்பதால் வழி அடைபட்டுவிடவில்லை. வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் உள்ளடக்கிய கல்வித் திட்டம் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரைக்கும் உரியது. 'பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குத்தான் வட்டார வள மையம்' என்று நினைத்துக்கொண்டு பல அங்கன்வாடிகளில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது தவறு. நாளைக்கே சிறப்புப் பயிற்றுநரை அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து கவனிக்க மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அவனை அனுப்பவும் கேளுங்கள். பெரும்பாலும் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அந்த மையம் இருக்கும்.

பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. கேட்காமல் பேச்சு வராது. தூங்க வைத்துச் செய்கிற 'பெரா' சோதனையில் காது கேட்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருவேளை கேட்கவில்லை, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் காக்ளியர் கருவி பொருத்த வேண்டும் என்று சொன்னால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். இவனுக்கு நான்கரை. அடுத்த முகாம் வரட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்தால் கைவசம் எவ்வளவு நாள் மிஞ்சும் என்று பாருங்கள். அதனால்தான் இதை முதலில் சொன்னேன். காது நன்றாகக் கேட்கிறது என்று வந்தாலும் திரும்பி வந்துவிடக் கூடாது. பேச்சு ஏன் வரவில்லை என்பதற்கான மற்றப் பரிசோதனைகளையும் அங்கேயே பார்ப்பார்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பிள்ளைகள் ஒரே வாசல் வழியாக வர ஆரம்பித்தார்கள். கடிதங்கள் மட்டும் பழையபடி இரண்டு வாசல்களில்தான் வருகின்றன. உங்களுக்கு முதன்மைக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார வள மையம் என்று பள்ளிக் கல்வித் துறை வழியாக வரும். அங்கன்வாடி டீச்சருக்குத் திட்ட அலுவலர், மேற்பார்வையாளர் என்று சமூக நலத் துறை வழியாக வரும். உங்களுக்கு வந்த முகாம் அறிவிப்பு அவருக்குப் போகவில்லை. அதேபோல் அவருக்கு வருவதும் உங்களிடம் வருவதில்லை. அங்கன்வாடியில் மாற்றுத்திறன் குழந்தைகளை எப்படிக் கண்டறிவது, எங்கே அனுப்புவது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் ஒரு வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான பயிற்சிகளிலும் வளர்ச்சித் தாமதம் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பள்ளியில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பள்ளி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும் என்பதுகூட ஒரு பக்கத்துக்குத் தெரிந்து மறுபக்கத்துக்குத் தெரியாமல் இருக்கும்.

சம்பளப் பட்டியலைப் பார்த்து வாட்ஸ்அப் குழு அமைத்திருக்கிறோம். அந்த வளாகத்துப் பிள்ளைகள் யார் யார் கையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அமைத்திருந்தால் அங்கன்வாடி டீச்சர், உதவியாளர், சத்துணவு அமைப்பாளர் எல்லோரும் உள்ளே இருந்திருப்பார்கள்.

நான் பல ஆண்டுகள் ஆசிரியப் பயிற்றுநராக இருந்தவள். ஓர் அங்கன்வாடியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு சிமென்ட் தரையில் விழுந்தது. பிள்ளைகள் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை மட்டும் தலை நிமிராமல் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த ஆயா என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "அவ எப்பவும் அப்படித்தாம்மா. முன்னாடி போய் நின்னாத்தான் பார்ப்பா." அவருக்கு அது ஒரு வருடமாகவே தெரியும். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் சுற்றறிக்கை முதலில் போய்ச் சேர வேண்டியது இப்படிப்பட்டவரிடம்தான்.

அதற்கு அந்தச் சுற்றறிக்கை முதலில் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஆறு பக்க பி.டி.எஃப். மேலே 'பார்வை' என்று நான்கு கடித எண்கள். 'மேற்காண் பொருள் சார்ந்து' என்று தொடங்கி, தேதியும் இடமும் ஐந்தாம் பக்கத்து அட்டவணையில் இருக்கும். இரவு ஒன்பது மணிக்குச் சமையலறையில் நின்றுகொண்டு அதை யார் திறப்பார்? நீங்கள் திறந்து படித்து, உங்கள் சொந்த வார்த்தையில் இப்படிப் போடுங்கள்:

"வியாழன் காலை 9.30, வட்டார வள மையம். பேச்சு, காது, கண், நடையில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவ முகாம். கைக்குழந்தை முதல் 18 வயது வரை வரலாம். ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ எடுத்து வரணும். உங்கள் வகுப்பில் யாராவது இருக்கிறார்களா? செவ்வாய் மாலைக்குள் என்னிடம் நேரில் சொல்லுங்கள். இல்லை என்றாலும் 'இல்லை' என்று சொல்லுங்கள்."

கடைசி மூன்று வரிகளை விட்டுவிடாதீர்கள். நீல டிக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 'இல்லை' என்று சொல்வதற்காவது வகுப்பில் இருக்கும் முப்பது முகங்களையும் ஒரு முறை நினைத்துப் பார்த்தாக வேண்டும். நேரில் சொல்லச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பிள்ளையின் பெயரும் குறைபாடும் வாட்ஸ்அப் குழுவில் ஏறக் கூடாது. அது ஊர் முழுக்கச் சுற்றி அந்த அம்மா காதுக்குப் போனால், பிறகு நம்மிடம் எதையும் சொல்ல மாட்டார்.

பெயர்களை எழுத உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு போதும். எந்தப் பிள்ளை, என்ன சந்தேகம், யார் கவனித்தது, யாரிடம் சொன்னோம், என்ன ஆயிற்று. முதல் பக்கத்தில் சிறப்புப் பயிற்றுநர், பள்ளி மருத்துவக் குழு, அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஆகியோரின் எண்களும், பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களும் இருக்கட்டும். நீங்கள் மாற்றலாகிப் போகும்போது இந்த நோட்டை அடுத்து வருபவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பயிற்சி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 'யார் ஃப்ரீயோ அவரை அனுப்பு' என்பது பல பள்ளிகளில் வழக்கம். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி ஒன்றில் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதைப் பற்றிக் கருத்தாளர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்பு டீச்சரோ பள்ளியில் மற்ற வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேதி முன்பே தெரிந்தால் மாற்று ஏற்பாடு செய்து சரியான ஆளை அனுப்பலாம். முந்தின நாள் இரவுதான் தகவல் வருகிறது என்றால், அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அடுத்த மாதப் பயிற்சிகள் என்னென்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கிற எச்.எம்.களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

போய் வந்தவர் அறிக்கை எழுத வேண்டாம். அந்த வாரமே ஒருநாள் மதியம் இருபது நிமிடம், அங்கே கற்ற ஒரே ஒரு செயல்பாட்டை மற்றவர்கள் முன்னால் அட்டைகளை வைத்துச் செய்து காட்டட்டும். அதற்கு அங்கன்வாடி டீச்சரையும் அழையுங்கள். சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் உதவியாளர் பார்த்துக்கொண்டால் அவரால் வர முடியும். அடுத்த ஜூனில் உங்கள் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகிற பிள்ளைகளைப் பற்றி அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல என்பது நினைவிருக்கட்டும். ஒரு பிள்ளையை அனுப்பிக் கூப்பிடாமல் நீங்களே நடந்து போய்க் கேளுங்கள். அவருடைய மேற்பார்வையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதிவேடு, போஷன் டிராக்கர் செயலி, எடை, உயரம், சமையல் என்று அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இது இன்னொரு கூட்டமாகத் தெரிந்தால் வர மாட்டார். அவருக்கு வந்த பயிற்சியிலிருந்தும் ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும்.

இதெல்லாம் ஒரே மாதத்தில் ஓடிவிடாது. முதலில் இரண்டு பேர்தான் பதில் சொல்வார்கள். மற்றவர்களை இடைவேளையில் பார்த்து, "உங்க வகுப்புல யாராவது?" என்று நீங்களே கேட்க வேண்டியிருக்கும். கேளுங்கள்.

அந்த அம்மாவை இன்று மாலை அவர் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். "சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு" என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். என்றைக்கு மருத்துவமனைக்குப் போவது என்று அவரோடு சேர்ந்து முடிவு செய்து, முடிந்தால் அங்கன்வாடி டீச்சரோ நீங்களோ கூடவே போங்கள். பையனின் தடுப்பூசி அட்டையையும் பிறந்தபோது கொடுத்த மருத்துவமனைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.