வாசகர் கேள்வி – பதில்: ஒரே மேடையில் தலைவர்கள்

கேள்வி: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள எங்கள் உறவினர்கள், அங்கே அதிபர் தேர்தல் வந்தால் டிவி விவாதம் பார்க்க விடிய விடியக் கண்விழிக்கிறார்கள். அதில் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஏப்ரலில் பாரிசில் இரவு 9 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12.30. கண்விழிப்புக்குக் காரணம் அதுதான். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேர் மறுபடி மோதுவார்கள். அந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில்தான் விவாதம். 1974-ல் வேட்பாளர்களாக இருந்த ழிஸ்கார் தெஸ்தேனும் மித்தெரானும் தொடங்கி வைத்தார்கள். 2002-ல் தீவிர வலதுசாரி வேட்பாளர் லெ பென்னோடு உட்கார மாட்டேன் என்று அதிபர் சிராக் மறுத்ததால் அந்த முறை மட்டும் நடக்கவில்லை.

பேச்சோடு சேர்த்துக் கடிகாரத்தையும் பாருங்கள். ஒவ்வொருவர் பேசிய நேரமும் தனித்தனியாக ஓடும். ஒருவர் முந்திவிட்டால் நெறியாளர் அடுத்தவருக்குக் கொடுத்துச் சமன்செய்வார். எப்படி விளிக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1988-ல் மித்தெரான் அதிபர், சிராக் பிரதமர். “இன்றிரவு நாம் இருவரும் சமமான வேட்பாளர்கள்” என்றார் சிராக். “நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, பிரதமர் அவர்களே” என்றார் மித்தெரான். அந்த ஒரு விளியிலேயே யார் மேலே, யார் கீழே என்று காட்டிவிட்டார்.

கேள்வி: இதைப் பார்த்து ஜனங்கள் ஓட்டை மாற்றுவார்களா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நினைக்கிற அளவுக்கு இல்லை. பிரிட்டனில் 2010-ல் முதல் விவாதம் முடிந்ததும் நிக் கிளெக்கின் லிபரல் டெமாக்ரட் கட்சி கருத்துக்கணிப்பில் கிடுகிடுவென ஏறியது. ஓட்டு எண்ணியபோது, 2005-ல் 62 ஆக இருந்த இடங்கள் 57 ஆகக் குறைந்திருந்தன. அமெரிக்காவில் 1960 விவாதத்தில் டிவி பார்த்தவர்களுக்குக் கென்னடி ஜெயித்தார், ரேடியோ கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்தார் என்று சொல்லப்படுவதும் ஒரு சின்னக் கருத்துக்கணிப்பை வைத்துத்தான். அதை நம்பிவிட வேண்டாம். ஆனால் வேட்பாளரே மாறியது உண்டு: 2024 ஜூன் 27-ல் பைடன் தடுமாறினார், ஜூலை 21-ல் போட்டியிலிருந்து விலகினார்.

கேள்வி: நம் நாட்டில் ஏன் இல்லை?
– வாசகர், பாகூர்

பதில்: சட்டம் தடுக்கவில்லை, தலைவர்கள் வருவதில்லை. 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் மோடியையும் ராகுல் காந்தியையும் அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ராகுல் ஒப்புக்கொண்டார், விவாதம் நடக்கவில்லை. ‘நாம் எம்.பி.யைத்தானே தேர்ந்தெடுக்கிறோம், பிரதமரை இல்லையே’ என்பது சாக்கு. பிரிட்டனிலும் கனடாவிலும் அதே முறைதான், அங்கே நடக்கிறது. தூர்தர்ஷனில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இலவச நேரம் உண்டு. ஆனால் உரையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். குறுக்கே கேட்க அங்கே ஆள் இல்லை.

கேள்வி: அடுத்த மக்களவைத் தேர்தலில் கடலூர் வேட்பாளர்களை ஒரே மேடையில் ஏற்ற எங்கள் இளைஞர் மன்றம் நினைக்கிறது. எப்படிச் செய்வது?
– வாசகர்கள், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அவசியம் செய்யுங்கள். வேட்புமனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த அன்றே, சுயேச்சைகள் உட்பட எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மண்டப வாடகையும் மைக்செட் செலவும் யார் கணக்கில் ஏறும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

நேரக் கணக்கு இது: 6 பேர், 5 கேள்வி, பதிலுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 45 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் ஆளுக்கு ஒரு முறை அரை நிமிட மறுப்பு, அது 15. முடிவுரை ஆளுக்கு ஒரு நிமிடம். கேள்வி வாசிக்கும் நேரமும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 10 பேருக்கு மேல் வந்தால் சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரியுங்கள். கேள்விகள் ஒன்றாகவே இருக்கட்டும். அப்படியானால் இரண்டாம் அணியை முதல் அணி பேசும் இடத்துக்கு வெளியே, பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்கார வையுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கேள்வியில்தான். “கடலூரை முன்னேற்றுவீர்களா?” என்றால் மேடைப்பேச்சுதான் வரும். “எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. முதல் ஆண்டில் எந்த மூன்று வேலைக்கு, எவ்வளவு?” என்று கேளுங்கள். திட்டக்குடியிலிருந்து குறிஞ்சிப்பாடி வரை ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் அந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பார் என்பது வெளியே வந்துவிடும்.

அடுத்த தொல்லை மைக். ஒருவருக்கு ஒரு மைக், சுவிட்ச் எல்லாம் ஆபரேட்டரிடம். முறை இல்லாதவர் மைக் மூடியே இருக்க வேண்டும். 2024-ல் பைடன்–டிரம்ப் விவாதத்தில் அப்படித்தான் செய்தார்கள், அரங்கில் பார்வையாளரே இல்லை. உங்கள் மண்டபத்தில் தொண்டர்களுக்கு ஒரே அளவு பாஸ் கொடுங்கள். கைதட்டல் கடைசியில் மட்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 1976-ல் அமெரிக்காவில் ஃபோர்டு–கார்ட்டர் விவாதத்தில் ஒலி அறுந்து இருவரும் 27 நிமிடம் மேடையிலேயே நின்றார்கள். மாற்று ஆம்ப்ளிஃபயர் ஒன்று கையில் இருக்கட்டும்.

வராதவர் நாற்காலியில் பெயர்ப் பலகை மட்டும் இருக்கட்டும். அழைப்பு கொடுத்த தேதியைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள், கிண்டல் வேண்டாம்.

தேதியைக் கவனமாகக் குறியுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கூட்டமும் கூடாது, டிவியில் காட்டவும் கூடாது. 2024-ல் ஏப்ரல் 19 மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. அப்படியானால் 17-ஆம் தேதி மாலை 6 மணியோடு சரி. உள்ளூர் கேபிளில் மறுஒளிபரப்பும் வேண்டும் என்றால் அதற்கு நாலைந்து நாள் முன்பே நடத்திவிடுங்கள்.