எனக்கு எழுதியதை அவர்களுக்கு எழுதுங்கள்

மதுரைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் 31 ஆண்டுகள் பணியாளர் அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர், வேலை தேடும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், விண்ணப்பத்துடன் அனுப்பும் கவரிங் லெட்டர் பற்றிய கேள்விகள்.

கேள்வி: பி.காம். முடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிய வேண்டும், ஜிஎஸ்டி வேலை பார்த்திருந்தால் நல்லது என்று போட்டிருக்கிறார்கள். இதற்கு முன் நாற்பது இடங்களுக்காவது விண்ணப்பித்திருப்பேன். இரண்டு இடங்களில்தான் கூப்பிட்டார்கள். என் கவரிங் லெட்டரை இணைத்திருக்கிறேன், எங்கே தவறு என்று சொல்லுங்கள். கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் எட்டு மாதம் கணக்கு எழுதினேன். அது கம்பெனி இல்லை என்பதால் குறிப்பிடவில்லை.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் பிழை ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் அது என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டுகிறேன். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயரை அடித்துவிட்டுத் தோழியின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்காது. கம்பெனியின் பெயரும் அப்படித்தான். தவிர, உங்கள் திறமையை வளர்ப்பதற்காகவா அவர்கள் சம்பளம் கொடுக்கிறார்கள்?

அந்த மளிகைக் கடையில் என்னதான் செய்தீர்கள் என்று உங்களுக்குப் பதில் எழுதிக் கேட்டேன். ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பினீர்கள். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி இணையதளத்தில், விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியல் வந்ததும், கொள்முதல் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பீர்களாம். ஒரு மாதம் 17 பில்கள் பட்டியலில் இல்லை. எல்லாம் ஒரே பருப்பு மண்டியின் பில்கள். அண்ணாச்சியிடம் சொன்னால் சத்தம் போடுவார் என்று பயந்து, நீங்களே மண்டிக்குப் போன் செய்து, அடுத்த மாதக் கணக்கில் ஏற்ற வைத்திருக்கிறீர்கள். விற்றவர் ஏற்றாத பில்லுக்கு வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. 2022 ஜனவரியிலிருந்து சட்டமே அப்படித்தான். அதாவது அண்ணாச்சி தன் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டிய பணத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இதை எனக்குச் சொன்னீர்கள், வேலை கொடுக்கப் போகிறவருக்குச் சொல்லவில்லை!

ரப்பர் கம்பெனிக்கும் கொள்முதல் பில் உண்டு, 2பி உண்டு. அவர்களுடைய கணக்காளருக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்கினால் தூக்கம் வராது. ஆகவே கடிதத்தை இப்படித் தொடங்குங்கள்:

'உங்கள் விளம்பரத்தில் டாலியும் ஜிஎஸ்டியும் கேட்டிருக்கிறீர்கள். மதுரை கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் எட்டு மாதம் இரண்டையும் செய்திருக்கிறேன். மாதம் சுமார் 300 கொள்முதல் பில்களை டாலியில் பதிந்து, 2பி பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு மாதம் விடுபட்ட 17 பில்களைக் கண்டுபிடித்து, விற்றவரிடம் பேசி ஏற்ற வைத்தேன். ஜிஎஸ்டிஆர்-1, 3பி ஆகியவற்றுக்கான விவரங்களைத் தயாரித்து ஆடிட்டரிடம் கொடுத்ததும் நான்தான்.'

300 என்பது என் ஊகம். உண்மை எண்ணிக்கை எதுவோ அதைப் போடுங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும். ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற அந்த இரண்டு ஜிஎஸ்டி படிவங்களையும் ஆடிட்டர்தான் தாக்கல் செய்தார் என்றால் 'நான் தாக்கல் செய்தேன்' என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து ஒரு வரி. உசிலம்பட்டியிலிருந்து கப்பலூருக்குத் தினமும் எப்படி வருவீர்கள் என்பது. சிரிக்காதீர்கள், முகவரியைப் பார்த்ததும் நான் முதலில் கணக்குப் போடுவது அதைத்தான். மூன்று மாதத்தில் 'பஸ் சரியில்லை சார்' என்று நின்றுவிட்டவர்கள் எனக்கு நிறைய. திருமங்கலம் வழியாக எந்த பஸ்ஸில் வந்து எத்தனை மணிக்கு உள்ளே இருப்பீர்கள் என்று எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பிறகு எந்தத் தேதியிலிருந்து வேலையில் சேர முடியும் என்பதையும் போன் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழி பயோடேட்டாவுக்கு உரியது, இங்கே வேண்டாம். விளம்பரம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். ஆனால் இதே அளவு சின்னச் சின்ன வாக்கியங்களாக.

மின்னஞ்சலில் அனுப்பினால் தலைப்பில் வேலையின் பெயரையும் உங்கள் பெயரையும் போடுங்கள். பலர் போனில்தான் பார்க்கிறார்கள். திறப்பதற்கு முன்பே தலைப்பும் முதல் வரியின் தொடக்கமும் கண்ணில் பட்டுவிடும். அந்த இடத்தை 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம், தாங்கள் நலமாக' என்று செலவழிக்காதீர்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய கோப்பின் பெயர் 'ரெஸ்யூமே ஃபைனல் புதுசு 3'. அதையும் மாற்றுங்கள்.

நான் பெரிய ஒழுங்குக்காரன் என்று நினைக்க வேண்டாம். 1989இல் சிம்மக்கல்லில் டைப்ரைட்டிங் வகுப்பில் ஒரே கடிதத்தைக் கார்பன் வைத்து நான்கு பிரதி அடித்து, கம்பெனி பெயருக்கு விட்டிருந்த இடத்தைப் பேனாவால் நிரப்பி அனுப்பியவன் நான். நேர்காணலில் மேலாளர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'இது எத்தனையாவது பிரதி தம்பி?' என்றார். மூன்றாவது என்றேன். முதல் பிரதி எந்த ஆலைக்குப் போனது என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஏன் வேலை கொடுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் இரண்டு ஆண்டுகள் வேலைக்குப் போகவில்லை. கடிதத்தில் மறைப்பதா, விளக்குவதா?
– வாசகர், மேலூர்

பதில்: மறைக்க முடியாது தம்பி, பயோடேட்டாவில் ஆண்டுகள் தெரிந்துவிடும். 'தந்தையின் உடல்நிலை காரணமாக இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். இப்போது தம்பி உடன் இருக்கிறான், முழுநேரமும் வேலைக்கு வர முடியும்.' தம்பிக்குப் பதில் யார் பார்த்துக்கொள்கிறாரோ அவரைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம். கேட்டால் நேரில் சொல்லலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கி அனுப்பலாமா?
– வாசகர், அனுப்பானடி

பதில்: பிழை திருத்த வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் 'எழுதிக் கொடு' என்றால் அது கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்றுதான் எழுதும். உசிலம்பட்டி வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். கடிதம் எழுதச் சொன்னால் நழுவுகிறான். நானே எழுதி அவன் பெயரில் அனுப்பிவிடலாமா?
– ஒரு தாய், வாடிப்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. அவன் வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதினால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஆலைக்கு ஒருமுறை அருமையான கடிதம் வந்தது. ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் ஸ்பிண்டில் மாற்றுவதைப் பற்றி, செய்தவன் மட்டுமே எழுதக்கூடிய இரண்டு வரிகள் அதில் இருந்தன. பையனைக் கூப்பிட்டுக் கேட்டால் தரையைப் பார்க்கிறான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா வாசலுக்கு வந்து நின்று, கேட்ட அத்தனை கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். அவரையே எடுத்துக்கொள்ளலாமா என்று மேலாளர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவருக்கு அப்போது வயது 61.