மீனும் தயிரும் சேர்ந்தால் வயிறு கெடுமா?

மீனோடு தயிர், சாப்பாட்டிற்குப் பின் வாழைப்பழம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எந்தெந்த உணவுகளைச் சேர்த்து உண்பதால் வயிறு உப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே தொல்லையை நெடுநாள் அனுபவித்து, இரைப்பைக் குடல் மருத்துவரிடம் காட்டி, என் வயிற்றின் போக்கை ஓரளவு தெரிந்துகொண்டவன். நான் கண்ட வரையில், குற்றம் பெரும்பாலும் சேர்க்கையில் இருப்பதில்லை. சேர்ந்தவற்றுள் ஏதோ ஒன்றிலோ, உண்ட அளவிலோதான் இருக்கிறது.

மீன் குழம்பு வைக்கும் நாளில் எங்கள் வீட்டில் தயிர்ச் சட்டி வெளியே வராது. இரண்டையும் சேர்த்து உண்டால் தோலில் வெண்புள்ளி விழும் என்பது பாட்டியின் அசையாத நம்பிக்கை. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்கி அழிப்பதால் வருவது அந்நோய். மீனும் தயிரும் அதற்குக் காரணமல்ல. வங்காளிகளோ தயிரிலேயே மீனை வேகவைத்து, 'தொய் மாச்' என்று விருந்துக்கே பரிமாறுகிறார்கள். மீன் உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் அரித்து, வயிற்றையும் புரட்டினால் முதலில் மீனையே சந்தேகிக்க வேண்டும். மீன் ஒவ்வாமை ஒருபுறமிருக்க, சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் பெருகிவிடும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. அன்றைக்கு இலையில் தயிரும் இருந்துவிட்டால், பழி தயிரின்மேல் விழுகிறது.

மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒரே வேளையில் உண்ணக் கூடாது என்பது இன்னொரு கருத்து. வில்லியம் ஹோவர்ட் ஹே என்ற அமெரிக்க மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைப் பரப்பினார். ஆனால் 100 கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதமும் 60 கிராம் அளவுக்குக் கார்போஹைட்ரேட்டும் இயற்கையிலேயே சேர்ந்திருக்கின்றன. கணையமும் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் செரிக்கும் நொதிகளை ஒன்றாகவே சிறுகுடலுக்குள் அனுப்புகிறது.

உண்மையில் வாயுவை உண்டாக்குபவை வேறு. கொண்டைக்கடலை, மொச்சை, பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன; அவற்றைச் சிதைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லாததால், அவை அப்படியே பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகின்றன. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, நுரைத்து நிற்கும் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குழைய வேகவைத்தால் தொல்லை கணிசமாகக் குறைகிறது. சத்து போய்விடும் என்று அந்த நீரிலேயே வேகவைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, போவதில் பெரும்பகுதி வாயுதான்.

எனக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததன் காரணம் கடைசியில் வரும் பால் பாயசம் என்பது, அதை மட்டும் தவிர்த்துப் பார்த்தபோதுதான் புலப்பட்டது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வளர்ந்தபின் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தயிரில் அச்சர்க்கரையின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே தின்றுவிடுவதால், மோர்ச் சோறு எனக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை.

வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயிறு புடைக்க உண்டபின் எதைத் தின்றாலும் பாரமாகத்தான் இருக்கும். பிரியாணிக்குப் பின் செரிக்குமென்று குடிக்கும் சோடா, தான் கொண்டுவந்த வாயுவையே ஏப்பமாக வெளியேற்றி, செரித்துவிட்டதாக நம்மை நம்பவைக்கிறது.

உங்களுக்கு எது ஒவ்வவில்லை என்று அறிய, தொல்லை வரும் நேரத்தைக் கவனியுங்கள். சாப்பிட்டு எழுந்தவுடன் நெஞ்சு எரிந்து வயிறு கனத்தால், எண்ணெய் மிகுதியையும் அளவையும் குறையுங்கள். சில மணி நேரம் கழித்து அடிவயிறு உப்பினால், பருப்பு, பால், வெங்காயம் ஆகியவற்றில் ஒவ்வொன்றாகச் சில நாள் நிறுத்தி, பிறகு மீண்டும் சேர்த்துப் பாருங்கள். எடை காரணமின்றிக் குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, அதில் இரத்தம் தென்பட்டாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.