பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்பு அவரே எழுதியதா?

உரோமைப் பேரரசில் கிறித்தவ நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட புனித பெர்பெத்துவா சிறையில் தம் கைப்பட எழுதினார் என்பது பிற்காலக் கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் பெயரில் இலத்தீனில் கிடைக்கும் குறிப்பு அவருடையதே என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். தொடக்கக்காலக் கிறித்தவப் பெண் ஒருவரின் குரல் இவ்வளவு நேரடியாக நம்மை எட்டுவது மிக அரிது.

இன்றைய துனீசியாவில் உள்ள கார்த்தேஜ் வட்டாரத்தில், நற்குடியில் பிறந்து கல்வி கற்ற அவர், ஏறத்தாழ 22 வயதில், பால் குடிக்கும் குழந்தையோடு கைதானார். காவலில் இருந்தபோதே திருமுழுக்குப் பெற்றார். நம்பிக்கையைக் கைவிடுமாறு மன்றாடிய தந்தையிடம் அங்கிருந்த குடுவை ஒன்றைக் காட்டி, அதை வேறு பெயரால் அழைக்க முடியாததுபோலவே தம்மையும் கிறித்தவர் என்றன்றி வேறுவிதமாக அழைக்க இயலாது என்றார். தந்தையின் நரைத்த தலைக்காக அவர் வருந்தியதும், குழந்தை தம்மிடம் இருந்தபோது சிறையே மாளிகையானது என்று எழுதியதும் என்னை இன்றும் நெகிழவைக்கின்றன.

விளையாட்டரங்கில் நிறுத்தப்படுவதற்கு முந்தைய நாளோடு அவரது எழுத்து நின்றுவிடுகிறது. எஞ்சியதை வேறொருவர் எழுதினார். 203 மார்ச் 7 அன்று, சிறையில் மகளைப் பெற்றெடுத்திருந்த அடிமைப்பெண் பெலிசித்தாவோடு அவரையும் வெறிகொண்ட பசுவின் முன் நிறுத்தினர். இறுதியில், அனுபவமற்ற வாள்வீரனின் நடுங்கிய கையைப் பிடித்து, பெர்பெத்துவாவே தம் கழுத்தில் வைத்தார் என்கிறது அப்பகுதி.