ஊமை எகரம் எப்போது வாய் திறக்கும்?

பிரெஞ்சுக் கூட்டுப்பெயர்களை அசை பிரித்து ஒலிப்பது பற்றி மாணவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சில்லறைப் பையைப் 'போர்த்-மொ-னே' என்கிறார்கள்; சாவி வளையத்தைப் 'போர்-து-க்ளே' என்கிறார்கள். முதற்சொல் இரண்டிலும் ஒன்றுதானே? ஏன் ஓரிடத்தில் ஓரசை, ஓரிடத்தில் ஈரசை?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'சுமப்பது' என்ற பொருளுள்ள அந்த முதற்சொல்லின் ஈற்றில் ஓர் ஊமை எகரம் (எழுத்தில் இருந்தாலும் பல இடங்களில் ஒலிக்காத 'e') இருக்கிறது. அது ஒலிக்குமா, மறையுமா என்பதைப் பின்சொல்தான் முடிவு செய்கிறது. பின்சொல் ஓரசையானால் எகரம் ஒலிக்கும். நீண்டதானால் பெரும்பாலும் மறையும். பேனாக் கட்டை 'போர்-து-ப்ளூம்'. பென்சில் பிடி 'போர்த்-க்ரெ-யோன்'. 'காப்பது' என்ற பொருளுள்ள 'கார்த்' சொல்லும் இப்படித்தான்: உடை அலமாரி 'கார்-து-ரோப்'; நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் 'கார்த்-ம-லாத்'. எண்ணிப் பாருங்கள், எல்லாமே மூன்றசை! தனித்தனிச் சொல்லாக அகராதியில் பார்த்துப் படித்தவர்களுக்கு இந்தத் தாளம் பிடிபடுவதே இல்லை. கூட்டுப்பெயரை ஒரே சொல்லாகக் காதில் வாங்குங்கள்.

கேள்வி: வானளாவிய கட்டடத்தை மட்டும் 'க்ராத்-சியெல்' என்று ஈரசையாகச் சொல்கிறார்களே? அங்கும் பின்சொல் ஓரசைதான்.

பதில்: நல்ல கவனிப்பு. 'போர்த்', 'கார்த்' இரண்டிலும் எகரத்துக்கு முன் இரண்டு மெய்கள் ஒலிக்கின்றன. மூன்றாவது மெய்யும் வந்து மோதும்போதுதான் நாக்குக்கு ஓர் உயிர் தேவைப்படுகிறது. 'க்ராத்' சொல்லில் எகரத்துக்கு முன் ஒலிப்பது ஒரே மெய், நெருக்கடி இல்லை.

கேள்வி: வானவில் 'அர்க்-ஆன்-சியெல்' ஆகுமா?

பதில்: ஆகாது. 'அர்-கான்-சியெல்'. மெய்யின்மேல் உயிர் ஏறுவது நமக்குப் புதிதில்லையே! பன்மையில் முதற்சொல்லோடு ஓர் 'எஸ்' சேரும். அது எழுத்தில் மட்டுமே, ஒலி மாறாது. ஆனால் 'பொ-னோம்' (நல்ல மனிதர், ஆள்) பன்மையில் 'போன்-ஸோம்' ஆகிவிடும். அங்கே 'எஸ்' 'இஸட்' ஆக ஒலிக்கிறது. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

கேள்வி: எழுதும்போது வானவில்லை வரி முடிவில் எங்கே உடைப்பது?

பதில்: சொல்லின் எழுத்து வடிவில் (arc-en-ciel) உள்ள இடைக்கோட்டில். பேச்சின் அசையை அங்கே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: மார்சேய் நகரத்து ஆசிரியர் சில்லறைப் பையைப் 'போர்-து-மொ-னே' என்று நான்கசையாகச் சொல்கிறார். தவறா?

பதில்: தவறே இல்லை. தென் பிரான்சில் ஊமை எகரம் ஊமையல்ல. அவரிடம் படிக்கும்வரை அவரைப் போலவே சொல்லுங்கள்.