விண்டோஸ் 11-ல் பழைய மென்பொருள் ஓடுமா?

கேள்வி: விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினால் என் பழைய கணக்கு மென்பொருளும் பிரிண்டரும் வேலை செய்யுமா?

பதில்: முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் ‘சிஸ்டம் டைப்’ பாருங்கள்; இப்போது இருக்கும் விண்டோஸ் 32-பிட்டா, 64-பிட்டா என்று தெரியும். விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே உண்டு. 32-பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் அதில் சிக்கலின்றி ஓடும். 16-பிட் ஓடவே ஓடாது. சில பழைய மென்பொருள்கள் 32-பிட்டாக இருந்தாலும் அவற்றின் இன்ஸ்டாலர் 16-பிட்டாக இருக்கும், நிறுவும்போதே நின்றுவிடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள் என்றால், அவற்றை ஓட்டுவதற்கென்றே உள்ள டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள்.

நிறுவியும் திறக்கவில்லையா? அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் ‘கம்பேட்டிபிலிட்டி’ பகுதியில் விண்டோஸ் 7-ஐத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு இந்த வழி உதவாது. பிரிண்டருக்கு 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்பதை, மாறுவதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணினிக்கு டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) 2.0, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். ‘tpm.msc’ என்பதை ரன் பெட்டியில் தட்டினால் டிபிஎம் பதிப்பு தெரியும்.

இப்போது இருப்பது 32-பிட் விண்டோஸ் என்றால் நேரடியாக மாற முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். எனவே கணக்குக் கோப்புகளையும் லைசென்ஸ் எண்ணையும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். நேரடியாக மாறியவர்கள் 10 நாட்களுக்குள், செட்டிங்ஸில் ‘ரெகவரி’ வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம்.