லினக்ஸ் கெர்னல் பேட்ச் ரிவியூ: லாக் பற்றிய கேள்வி பதில்

தேவி, பாயான் லெப்பாஸ்: ரிவியூவுக்கு பேட்ச் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது அண்ணே?

லாக் என்பது ஒரே டேட்டாவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு. முதலில் லாக்கை அல்ல, அது காக்கும் டேட்டாவைப் பாருங்கள். எந்த ஃபீல்டுக்கு எந்த லாக் என்று ஸ்ட்ரக்டில் கமெண்ட் இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். பிறகு அந்த ஃபீல்டைத் தொடும் எல்லா இடங்களையும் கிரெப் போட்டுத் தேடி எடுங்கள், பேட்சில் இல்லாத ஃபைல்களிலும். இன்டரப்ட் ஹேண்ட்லரும் (ஹார்ட்வேர் குறுக்கிட்டதும் ஓடும் கோடு) அதே லாக்கைப் பிடிக்கிறதா? அப்படியானால் பிராசஸ் பக்கம் வெறும் ஸ்பின்_லாக் (லாக் கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருப்பது) போதாது. லாக் பிடித்திருக்கும் சிபியுவிலேயே இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் சுற்றிக்கொண்டே நிற்கும். லாக்கை விடவேண்டிய கோடு ஓடவே ஓடாது. அந்த சிபியுவில் இன்டரப்ட்டை நிறுத்திவைக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் போடுங்கள். கடைசியில் எரர் பாதைகள்: நடுவில் ரிட்டர்ன் இருந்தால் அன்லாக் ஆனதா? ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடாது (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்கூடாது) என்பதையும் மறக்காதீர்கள்.

குமரன், பட்டர்வொர்த்: ஸ்பின்லாக்குக்குள் ஜிஎஃப்பி_கெர்னல் போட்டு மெமரி கேட்டேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

மெமரி தாராளமாக இருக்கும்வரை ஓடும் தம்பி. நெருக்கடியில் தூங்கப் போகும். லாக்குக்கு முன்பே அல்லோகேட் செய்யுங்கள். தூங்காத ஜிஎஃப்பி_அட்டாமிக் அடுத்த வழிதான். கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப்பைப் போட்டு ஓட்டுங்கள், தூங்காவிட்டாலும் கத்தும்.

சிவா, பிரிக்பீல்ட்ஸ்: ஸ்பின்லாக்குக்குள் காப்பி_டு_யூசர் (யூசர் மெமரிக்குக் காப்பி செய்வது)?

அந்த மெமரிப் பக்கம் தயாராக இல்லாமல் பேஜ் ஃபால்ட் வந்தால் தூங்கும். கூடாது.

அனிதா, செந்தூல்: ஸ்பின்லாக்குக்குள் ம்யூடெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் லாக்)?

பழைய குருடி, கதவைத் திறடி. கூடாது.

மூர்த்தி, ஜெலுத்தோங்: கெர்னல் 6.5இல் கார்டு (guard, ஸ்கோப் முடிந்ததும் தானாக அன்லாக் செய்வது) வந்தாச்சே, எரரில் அன்லாக்குக்குக் குதிக்கும் பழைய கோட்டோவையெல்லாம் மாற்றிவிடலாமா?

புது ஃபங்ஷனில் போடுங்கள். பழையதைப் பாதி மட்டும் மாற்றாதீர்கள். ஒரே ஃபங்ஷனில் இரண்டையும் கலக்கக்கூடாது என்று கெர்னலின் க்ளீனப்.எச் ஃபைலிலேயே எழுதியிருக்கிறது.

மூர்த்தி: கலந்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லையே லா?

ஜிசிசி கம்பைலர் சொல்லாது. கார்டு வரியைத் தாண்டி கோட்டோ குதித்தால், மதிப்பே வைக்காத பாயின்டருக்கு அன்லாக் ஓடும். கிளாங் கம்பைலரில் கம்பைல் செய்து பாருங்கள், எரரே வரும்.

தேவி: நான் மூர்த்தி கட்சி. கார்டு இருந்தால் அன்லாக் மறக்காது.

மறக்காது, ஆனால் எப்போது ஓடும்? ஸ்கோப் முடியும்போது. லாக் இருக்கும் ஆப்ஜெக்டையே நடுவில் கேஃப்ரீ செய்தால், விடுவித்த மெமரிமேல் அன்லாக் நடக்கும். அங்கே தனக்கென்று ஸ்கோப் உள்ள ஸ்கோப்டு_கார்டு போட்டு, கேஃப்ரீயை அதற்கு வெளியே வையுங்கள்.

குமரன்: லாக்டெப் (லாக் பிடிக்கும் வரிசையைச் சோதிக்கும் கெர்னல் கருவி) சும்மா இருந்தால் கோடு சேஃப்தானே?

ஓடிய பாதையை மட்டுமே அது பார்க்கும். ஏ, பி என்ற இரண்டு லாக்குகளை ஏ-பி வரிசையில் ஒருமுறை, பி-ஏ வரிசையில் ஒருமுறை பிடித்து ஓடினால் போதும், டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து முடங்குவது) நடக்காமலே பிடித்துக்கொடுக்கும். எரர் பாதையை நீங்கள் ஓட்டவேயில்லையென்றால் அது என்ன செய்யும்?

சிவா: ரியல்-டைம் கான்ஃபிகான பிரீம்ப்ட்_ஆர்டியில் ஸ்பின்லாக் பிடித்தபடி தூங்கலாமாமே?

6.12இல் மெயின்லைனுக்கு வந்த அந்தக் கான்ஃபிகில் ஸ்பின்லாக்_டி தூங்கும், ரா_ஸ்பின்லாக்_டி தூங்காது. உங்கள் டிரைவர் சாதாரண கெர்னலிலும் ஓடவேண்டும். ஆகவே, கூடாது.